உலை அணைந்த பின்: நியூ ப்ரெமன் கண்ணாடித் தொழிற்சாலை விட்டுச் சென்றவை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், அமெரிக்கக் கலைப் பிரிவில், மூடி போட்ட உயரமான கண்ணாடிக் கோப்பை ஒன்று இருக்கிறது. விருந்தில் ஒருவர் வாழ்த்துச் சொல்லிக் குடித்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுக்கும் வகைப் பாத்திரம். ஒரு பக்கத்தில் ஜெர்மனியின் ப்ரெமன் துறைமுக நகரத்துச் சின்னம். பழைய ப்ரெமனுக்கு வெற்றியும் புதிய ப்ரெமனுக்கு முன்னேற்றமும் கோரும் ஆங்கில வாசகம் கூடவே ஓடுகிறது. மறுபக்கம் தொழிற்சாலையின் பெயரும், 1788 என்ற ஆண்டும், ‘வட அமெரிக்கா, மேரிலாந்து மாநிலம்’ என்ற முகவரியும் செதுக்கப்பட்டுள்ளன.

இந்தக் கோப்பை ஜெர்மனியில் கிடைத்தது. 1928இல் மெட்ரோபாலிடன் அதை வாங்கியது. தொழிற்சாலைக்குப் பணம் போட்ட ப்ரெமன் வணிகர்களுக்கு, உங்கள் முதல் வீண்போகவில்லை என்று காட்ட அனுப்பிய பரிசாக இருக்கலாம் என்பது கண்ணாடி வரலாற்றாளர்களின் கருத்து. இது கைக்கு வரும்வரை ஜான் ஃபிரெடெரிக் அமெலுங் என்பவர் செய்தித்தாள் விளம்பரங்களிலும் அரசு ஆவணங்களிலும் மட்டுமே வாழ்ந்த பெயர். அவருடைய தொழிற்சாலைச் சரக்கு எப்படி இருக்கும் என்று அடையாளம் சொல்ல இந்தக் கோப்பைதான் முதல் உறுதியான சாட்சி.

ஆனால் அதே சாட்சி ஆய்வாளர்களைக் கொஞ்சம் திசைதிருப்பியும் விட்டது. இந்தச் சொற்பொழிவு அதைப் பற்றியதுதான். ஒரு தொழிற்சாலையை அதன் மிகச் சிறந்த பொருளை வைத்து அறிய முயன்றால் என்ன தவறிப் போகிறது, அதன் குப்பைமேட்டிலிருந்தும் அங்கே வேலை பார்த்தவர்கள் நடந்து போன பாதையிலிருந்தும் அறிய முயன்றால் என்ன கிடைக்கிறது என்பதே கேள்வி.

அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய ஒன்றரை ஆண்டுக்குள்ளேயே கண்ணாடி உலை வந்துவிட்டது. வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் 1608இல் ஜெர்மானிய, போலந்துக் கைவினைஞர்களைக் கொண்டு உலை மூட்டினார்கள். பஞ்சமும் நோயும் அதை அணைத்தன. 1621க்குப் பின் இத்தாலியர்களை வைத்து மறுபடி முயன்றார்கள்; அதுவும் சில ஆண்டுகளில் முடிந்தது. அந்த உலைகளின் அடித்தளம் 1931இல் தற்செயலாகத் தென்பட்டு, 1948இல் ஜே. சி. ஹாரிங்டன் முறையாக அகழ்ந்தார். ஆற்றுக் கற்களால் கட்டிய உலைகள் கிடைத்தன. பச்சைக் கண்ணாடித் துண்டுகளும் துளிகளும் கிடைத்தன. முழுப் பொருள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இதில் வியப்பு இல்லை. கண்ணாடித் தொழிலில் உடைந்தது வீணாவதில்லை. பழைய சில்லுகளைப் புதிய கலவையோடு சேர்த்துப் போட்டால் உருகுவது எளிது, விறகும் மிச்சம். அதனால் உடைசல் எல்லாம் பொறுக்கப்பட்டு மறுபடி உலைக்கே போகும். மண்பாண்டச் சூளையைச் சுற்றி ஓடுகள் மலைபோல் குவியும். கண்ணாடி உலையைச் சுற்றி அப்படிக் குவியாது. அகழாய்வாளர் கையில் சிக்குவது, அள்ளும்போது தவறி மண்ணில் புதைந்துபோன கொஞ்சம்தான்.

ஜேம்ஸ்டவுனுக்குப் பின் நெடுங்காலம் பெரிதாக எதுவும் நிலைக்கவில்லை. முதன்முதலில் லாபத்தோடு நீண்ட காலம் ஓடியது நியூஜெர்சியில் காஸ்பர் விஸ்டார் தொடங்கிய தொழிற்சாலை. பித்தளைப் பொத்தான் செய்து பணம் சேர்த்த அவர், நான்கு ஜெர்மன் கைவினைஞர்களைக் கப்பலேற்றி வரவழைத்து, 1739இல் சேலம் பகுதியில் உலை மூட்டினார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மின்சார ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திய கண்ணாடிக் குழாய்கள் அங்கிருந்து போனவை. குடியேற்ற நாடுகளில் தொழில் வளர்வது லண்டனுக்குப் பிடிக்காது. ஃபிராங்க்ளினின் மகன் வில்லியம் அப்போது நியூஜெர்சி ஆளுநர். 1768இல் லண்டனுக்கு எழுதிய அறிக்கையில், ஏழைகள் வீட்டுச் சன்னலுக்கு உதவும் மட்டமான பச்சைக் கண்ணாடிதான் அங்கே செய்கிறார்கள் என்று அவர் தொழிற்சாலையைக் குறைத்துக் காட்டினார். அது எவ்வளவு உண்மை, எவ்வளவு சாமர்த்தியம் என்பதைக் கேட்பவர் ஊகத்துக்கு விடலாம்.

பென்சில்வேனியாவின் மான்ஹைமில் ஹென்றி வில்லியம் ஸ்டீகல் நடத்திய தொழிற்சாலை இன்னொரு ரகம். ஆடம்பரமாக வாழ்ந்து, 1774இல் நொடித்து, கடனாளிச் சிறைக்கும் போய்வந்தவர் அவர். ஊர்த் தேவாலயத்துக்கு அவர் கொடுத்த நிலத்துக்கு ஆண்டு வாடகை ஒரே ஒரு சிவப்பு ரோஜா. அவருடைய வம்சாவளியினருக்கு அந்த வாடகையை ஆண்டுதோறும் ஜூனில் இன்றும் விழா எடுத்துச் செலுத்துகிறார்கள். தொழிற்சாலை போனது, ரோஜா நின்றது.

இந்த இருவரைவிடவும் பெரிய திட்டத்தோடு வந்தவர் அமெலுங். 1741இல் பிறந்தவர். ப்ரவுன்ஷ்வைக் சிற்றரசின் க்ரூனன்ப்ளான் கண்ணாடி ஆலையில், அதை நடத்திய தம் சகோதரரிடம் தொழில் பார்த்தவர். 1783இல் அமெரிக்க விடுதலைப் போர் முடிந்தது. புதிய நாட்டுக்குச் சன்னல் வேண்டும், போத்தல் வேண்டும், மேசைப் பாத்திரம் வேண்டும்; எல்லாமே பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. ப்ரெமன் வணிகர்களிடம் முதல் திரட்டி, 68 கைவினைஞர்களோடு கப்பலேறிய அமெலுங், 1784 ஆகஸ்ட் 31 அன்று பால்டிமோரில் இறங்கினார்.

மேரிலாந்தின் ஃபிரெடெரிக் பகுதியில், மொனாக்கசி ஆற்றை ஒட்டிய பென்னெட் ஓடைக் கரையில் 2,100 ஏக்கர் வாங்கினார். கண்ணாடி ஊதும் தொழிலுக்கு இவ்வளவு நிலம் எதற்கு என்று தோன்றும். உலை இரவு பகல் எரிய வேண்டும்; எரிபொருள் விறகு மட்டுமே. மணலை உருக வைக்கும் பொட்டாஷ் காரமும் விறகுச் சாம்பலைக் கரைத்துக் காய்ச்சித்தான் கிடைக்கும். ஆக, காடு ஒரே சமயத்தில் எரிபொருளாகவும் மூலப்பொருளாகவும் கரைந்தது. அந்தக் காலத்துக் கண்ணாடி முதலாளி வாங்கியது நிலத்தை அல்ல, நின்றுகொண்டிருந்த மரங்களை என்றுகூடச் சொல்லலாம்.

குடியிருப்புக்கு நியூ ப்ரெமன் என்று பெயர் வைத்தார். தொழிலாளர்களுக்கு வீடுகள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், தமக்குச் செங்கல்லில் ஒரு மாளிகை. 1785 தொடக்கத்திலேயே பால்டிமோர் பத்திரிகையில் விளம்பரம் வந்துவிட்டது: சன்னல் கண்ணாடி, போத்தல், மேசைப் பாத்திரம் என்று வரிசை. 1787இல் தம் தொழிற்சாலையைப் பற்றி ஒரு சிறுநூலே அச்சிட்டு வெளியிட்டார். உள்நாட்டுத் தொழில் ஏன் வேண்டும் என்ற வாதமும், தாம் பட்ட பாட்டின் விவரிப்பும், அரசின் கைகொடுப்பு வேண்டும் என்ற கோரிக்கையும் அதில் கலந்திருந்தன. மேரிலாந்து சட்டமன்றம் 1788இல் அவருக்கு 1,000 பவுண்டு கடன் கொடுத்தது.

அமெலுங்குக்கு விளம்பரத்தின் அருமை தெரிந்திருந்தது. அந்தக் காலத்து அமெரிக்கக் கண்ணாடிப் பாத்திரங்களில் செய்தவர் பெயர் இருப்பதே அரிது. அவரோ, செல்வாக்குள்ளவர்களுக்குக் கொடுத்த பாத்திரங்களில் தொழிற்சாலைப் பெயரையும் ஆண்டையும் சுழலும் செப்புச் சக்கரத்தால் செதுக்க வைத்தார். பென்சில்வேனியா ஆளுநர் தாமஸ் மிஃப்ளினுக்கு 1791இல் செய்த மூடிக்கோப்பையும், ஃபிரெடெரிக் ஊர்க்காரர் ஜார்ஜ் ட்ரிஸ்லருக்கு 1793இல் செய்த கோப்பையும் இன்று நியூயார்க் மாநிலத்து கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கேயே, தம் மனைவி கரோலினா லூசியாவுக்காக 1788இல் செய்த மூடி போட்ட குவளையும் உள்ளது. விவிலிய மரபுக் கதையில் வரும் தோபியாவும் அவனுக்கு வழிகாட்டிய வானதூதரும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். நல்லொழுக்கமுள்ள பிள்ளைகளைப் பெற்றவர் பாக்கியவான் என்ற பொருளில் ஒரு வாசகமும் இருக்கிறது. அமெலுங் செய்ததில் விளம்பர வாடை இல்லாத பாத்திரம் இது ஒன்றாக இருக்கலாம். 

ஜார்ஜ் வாஷிங்டனுக்கும், அவருடைய குடும்பச் சின்னம் செதுக்கிய இரு பெரிய கோப்பைகள் போய்ச் சேர்ந்தன. அவை இன்று கிடைக்கவில்லை. ஆனால் தொழிற்சாலை வாஷிங்டன் மனத்தில் பதிந்திருந்தது. 1789 பிப்ரவரியில், பாரிஸில் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதத்தில் நாட்டுத் தொழில்களின் வளர்ச்சியைச் சொல்லிவரும்போது, மொனாக்கசிக் கரையில் பெரிய அளவில் கண்ணாடித் தொழிற்சாலை நிறுவப்பட்டிருப்பதையும், அந்த ஆண்டு ஏறத்தாழ 10,000 பவுண்டு மதிப்புள்ள கண்ணாடி அங்கே உற்பத்தியாகும் என்று தாம் கேள்விப்பட்டதையும் குறிப்பிட்டார்.

கேள்விப்பட்டது அப்படி. கணக்குப் புத்தகம் வேறு மாதிரி இருந்தது. முதலீடு நிலத்திலும் கட்டடத்திலும் முடங்கிக் கிடந்தது. கையில் ரொக்கம் இல்லை. உள்ளூர்ச் சாலைகளில் வண்டி ஏறி இறங்கும்போதே சரக்கில் ஒரு பங்கு உடையும். போர் முடிந்ததும் இங்கிலாந்துச் சரக்கு மலிவு விலையில் துறைமுகங்களில் குவிந்தது. 1789இல் போட்ட இறக்குமதி வரி கண்ணாடிக்கு 10 சதவீதம்தான். அதை வைத்துக்கொண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் கண்ணாடியோடு விலையில் மோத முடியாது. இதற்கு மேல் தீ விபத்து வேறு.

1790இல் அமெலுங் அமெரிக்கக் காங்கிரஸிடம் கடனுக்கு மனுப் போட்டார். மனுவைப் பரிசீலித்த குழு, தக்க ஈட்டின் பேரில் 8,000 டாலர் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. பிரதிநிதிகள் சபையில் விவாதம் சூடாக நடந்தது. தனியார் ஒருவருக்கு மக்கள் பணத்தைக் கடனாகக் கொடுக்க அரசமைப்புச் சட்டம் அதிகாரம் தருகிறதா? இவருக்குக் கொடுத்தால் நாளைக்கு வாசலில் நிற்கும் மற்றவர்களுக்கு என்ன பதில்? இவ்வளவு செலவு செய்து நாட்டுக்குப் புதுத் தொழில் கொண்டுவந்தவரைக் கைவிடுவதா என்று எதிர்வாதமும் எழுந்தது. இறுதியில் சபை மறுத்துவிட்டது. புத்தம் புதிய நாட்டின் நாடாளுமன்றம், தனியார் தொழிலுக்கு அரசு எதுவரை உதவலாம் என்று முட்டிமோதிய முதல் சந்தர்ப்பங்களில் இது ஒன்று. அமெரிக்கப் பொருளாதார வரலாற்றில் அமெலுங்கின் கோப்பைகளைவிட அவருடைய மனுவுக்குக் கனம் அதிகம் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1791இல், நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் உற்பத்தித் தொழில்கள் பற்றிய தம் புகழ்பெற்ற அறிக்கையைக் காங்கிரஸுக்குக் கொடுத்தார். கண்ணாடிக்கு வேண்டிய மணலும் விறகும் நாட்டில் ஏராளம். ஆனால் பெரும் முதலும் நிறையக் கையுழைப்பும் தேவைப்படுகின்றன என்று அதில் எழுதினார். அதற்குள் 12.5 சதவீதமாக உயர்ந்திருந்த வரியே கணிசமான ஊக்கம்தான். அதற்கு மேல் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் சன்னல் கண்ணாடிக்கும் கறுப்புப் போத்தலுக்கும் நேரடி மானியம் தரலாம் என்பது அவர் யோசனை. அலங்காரக் கோப்பை அவர் பட்டியலில் இல்லை. தொழிலின் உயிர்நிலை எங்கே என்பதை ஹாமில்டன் சரியாகப் பிடித்திருந்தார். மானியம் வரவில்லை.

1795இல் நியூ ப்ரெமன் விற்பனைக்கு என்று விளம்பரம் வந்தது. 1798இல் அமெலுங் இறந்தார்.

அதன் பிறகு அந்த இடம் மெல்ல வயலாகவும் புதராகவும் மாறியது. செங்கல் மாளிகை மட்டும் நின்றது; அது இன்றும் நிற்கிறது, அமெரிக்க அரசின் வரலாற்று இடங்களின் பதிவேட்டிலும் இருக்கிறது.

இனிக் குப்பைமேட்டுக்கு வருவோம். 1928க்குப் பின் சேகரிப்பாளர்களிடையே அமெலுங் மோகம் பிடித்தது. பெயர் பொறித்த பாத்திரங்கள் மிகக் குறைவு. ஆனால் அவற்றைப் போன்ற செதுக்கு வேலை, லேசாகப் புகை படிந்தது போன்ற நிறம், கனத்த தண்டு என்று எதைப் பார்த்தாலும் அமெலுங் பெயரை ஒட்டும் பழக்கம் பரவியது. ஸ்டீகலுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. வண்ணப்பூச்சுப் பூக்களோடு கூடிய பல பாத்திரங்களை ஸ்டீகல் செய்தவை என்று பெருமையோடு அலமாரியில் வைத்திருந்தார்கள். அவற்றுள் பெரும்பாலானவை மத்திய ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியானவை என்று பிற்பாடு தெரியவந்தது. அமெரிக்காவிலும் மத்திய ஐரோப்பாவிலும் ஊதியவர்கள் ஒரே ஜெர்மன் மரபில் வந்தவர்கள். அவர்கள் கை வேலையைக் கண்ணால் மட்டும் பார்த்து நாடு பிரிப்பது எப்படி?

மண்ணைக் கேட்பதுதான் வழி. 1962, 63இல் நியூ ப்ரெமனில் அகழாய்வு நடந்தது. கார்னிங் அருங்காட்சியகமும் ஸ்மித்சோனியன் நிறுவனமும் கைகோத்த இந்தப் பணியை நடத்தியவர் கொலோனியல் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகத்தின் தொல்லியலாளர் ஐவர் நோயல் ஹ்யூம். கல் அடித்தளத்தோடு ஒரு பெரிய கண்ணாடிக்கூடம் வெளிப்பட்டது. கண்ணாடி உருக்கும் உலையும், செய்த பாத்திரத்தை வெடிக்காமல் மெல்ல மெல்லக் குளிரவைக்கும் அடுப்புகளும் முன்கூட்டி வரைந்த திட்டத்தோடு அமைந்திருந்தன. காட்டுக்குள் அவசரத்துக்குக் கட்டிய கொட்டகை அல்ல அது. ஐரோப்பிய ஆலையொன்றை அப்படியே கொண்டுவந்து நட்டிருக்கிறார் என்பது அடித்தளத்திலேயே தெரிந்தது. பணம் எங்கே முடங்கியது என்ற கேள்விக்கு எந்தக் கணக்கேட்டையும்விட இந்தக் கற்கள் தெளிவாகப் பதில் சொல்கின்றன.

கிடைத்த சில்லுகள் அதைவிடச் சுவையானவை. சன்னல் கண்ணாடி, போத்தல், குவளை, மதுக்கிண்ணத்தின் தண்டு, கண்ணாடி உருக்கிய மண்கலத்தின் உடைசல், ஊதுகுழலில் ஒட்டியிருந்து வெட்டித் தள்ளிய துண்டு, நீலமும் ஊதாவுமாகச் சிதறிய வண்ணக் கண்ணாடி. இவற்றை வேதியியல் பகுப்பாய்வுக்கு அனுப்பினார்கள். கார்னிங்கின் அறிவியலாளர் ராபர்ட் பிரில் அதில் முக்கியப் பங்கு வகித்தார். இங்கிலாந்தில் அப்போது உயர்தரக் கண்ணாடி என்றால் ஈயம் கலந்ததுதான். கனமாக இருக்கும், ஒளி தெறிக்கும், தட்டினால் நீண்ட நாதம் கேட்கும். நியூ ப்ரெமன் கண்ணாடியோ பெரும்பாலும் ஈயம் கலக்காத, பொட்டாஷும் சுண்ணாம்பும் சேர்ந்த ஜெர்மன் பக்குவம். ஆங்கிலப் பாணியை விரும்பிய சந்தையில் ஜெர்மன் பக்குவத்தோடு இறங்கியது அமெலுங்கின் தோல்விக்கு எவ்வளவு காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை எழுப்பியதே இந்தச் சில்லுகள்தான். பெயர் பொறித்த கோப்பைகளை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது எழுந்திருக்காது.

சேகரிப்பாளர்கள் ஒட்டிய பெயர்ச்சீட்டுகளைச் சலித்துப் பார்க்கவும் ஓர் அளவுகோல் கிடைத்தது. அகழாய்வு, பகுப்பாய்வு, ஆவணம், முழுப் பாத்திரங்கள் நான்கையும் ஒன்றாகச் சேர்த்து 1990இல் கார்னிங் ஒரு நூல் வெளியிட்டது. தோண்டியதற்கும் அந்த நூலுக்கும் இடையே கால் நூற்றாண்டுக்கு மேல். இங்கே கூடியிருக்கும் அகழாய்வு மாணவர்களுக்கு இது ஆறுதலாகவும் இருக்கலாம், அச்சமாகவும் இருக்கலாம்.

மூன்றாவது எச்சம் மண்ணிலும் இல்லை, அலமாரியிலும் இல்லை. அது நடந்து போனது.

நியூ ப்ரெமனில் வேலை நின்றதும் கைவினைஞர்கள் நாலா பக்கமும் பிரிந்தார்கள். சிலர் அங்கேயே சிறு உலை வைத்துச் சில காலம் ஊதினார்கள். அமெலுங்கின் மகன் பால்டிமோருக்குப் போய் 1800 வாக்கில் ஃபெடரல் ஹில் குன்றருகே ஒரு தொழிற்சாலையைத் தொடங்கினார். குடும்பத்தின் கையை விட்டுப் போன பிறகும் அது வேறு உரிமையாளர்களிடம் பல பத்தாண்டுகள் ஓடியது. இன்னொரு குழு அப்பலாச்சியன் மலையைத் தாண்டி மேற்கே போனது. அவர்களில் பால்ட்சர் க்ராமர் என்பவர், முன்பு ஸ்டீகலிடம் ஊதியவர் என்றும் பின்பு அமெலுங்கிடம் வந்தவர் என்றும் வரலாற்றாளர்கள் குறிப்பிடுகிறார்கள். இரண்டு முதலாளிகள் நொடித்ததைக் கண்ணால் பார்த்த மனிதர்.

மேற்கே அவர்களுக்கு வாய்த்த கூட்டாளி ஆல்பர்ட் கேலட்டின். சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் பிறந்து, மேற்குப் பென்சில்வேனியாவில் நிலம் வாங்கிக் குடியேறி, அப்போது காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர். மொனாங்கஹீலா ஆற்றங்கரையில் நியூ ஜெனீவா என்ற ஊரை உருவாக்கிக்கொண்டிருந்தார். 1797இல் இந்த ஜெர்மன் ஊதுநர்களோடு ஒப்பந்தம் எழுதினார். அதில் அவர்கள் வெறும் கூலியாட்கள் அல்ல, பங்காளிகள். அமெலுங் கப்பலேற்றிக் கொண்டுவந்தது கூலி வேலைக்கு. கேலட்டின் பங்கு கொடுத்தது, அவர்கள் கைத்திறனின் விலை தெரிந்து.

இங்கே ஊதியவை எல்லாம் பெரும்பாலும் சன்னல் கண்ணாடியும் போத்தலும். மலையைத் தாண்டிக் கிழக்கிலிருந்து கண்ணாடி கொண்டுவர வண்டிக் கூலி அதிகம், வழியில் உடைவதும் அதிகம். அமெலுங்கைத் தோற்கடித்த அதே கரடுமுரடான சாலை, இவர்களுக்குக் காப்பு வரியாக மாறிவிட்டது. படகில் ஏற்றினால் ஆற்றோட்டத்தோடு ஒஹாயோ பள்ளத்தாக்கு முழுவதும் சரக்குப் போகும். நிலக்கரி கிடைத்த எதிர்க்கரைக் கிரீன்ஸ்பரோவுக்குத் தொழிற்சாலை பிற்பாடு மாறியது. அதே ஆற்றின் கீழ்ப்போக்கில் பிட்ஸ்பர்க்கில், ஜேம்ஸ் ஓஹாராவும் ஐசக் கிரெய்கும் 1797இலேயே நிலக்கரியில் கண்ணாடி உருக்கத் தொடங்கியிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்ணாடியின் தலைநகரமாகப் பிட்ஸ்பர்க் ஆனது இந்த வழியில்தான். காட்டை எரித்து வாழ்ந்த தொழில் கரியைத் தேடி மலை கடந்தது.

கேலட்டின் 1801 முதல் 1814 வரை நிதியமைச்சராக இருந்தார். நாட்டின் உற்பத்தித் தொழில்கள் பற்றிய அடுத்த பெரிய அறிக்கையை, 1810இல், காங்கிரஸுக்கு அளித்தவரும் அவரே. நிதியமைச்சர் நாற்காலியில் அமர்ந்தவர்களில், கண்ணாடி ஊதுநர்களோடு லாப நட்டம் பார்த்த அனுபவத்தோடு வந்தவர் அவர்.

இந்த மூன்று எச்சங்களில் எது அமெலுங்கின் உண்மையான சொத்து என்று கேட்டால், இந்தச் சொற்பொழிவின் பதில் க்ராமர் போன்றவர்களின் பக்கம் சாய்கிறது. கோப்பைகள் அவர் ஆசைப்பட்டதைச் சொல்கின்றன. சில்லுகள் அவர் செய்ததைச் சொல்கின்றன. தொழிலாளர்களோ அவர் நொடித்த பிறகும் தொழிலை நிறுத்தவில்லை. ஆயினும் அருங்காட்சியகப் பெயர்ப்பலகையில் இடம் பிடித்திருப்பது முதலாளியின் பெயர் மட்டும். ட்ரிஸ்லர் கோப்பையை ஊதியவர் யார், அதில் எழுத்துச் செதுக்கியவர் யார் என்ற கையொப்பம் பாத்திரத்தில் இல்லை.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் நம் அவையில் பலர் இருப்பார்கள். நயாகரா அருவிக்குப் போகும் தமிழர் பலரும் கார்னிங் வழியாகப் போவதுண்டு. அங்கே ஊதுகுழல் வித்தை பார்ப்பதோடு நிற்காமல் அமெரிக்கக் கண்ணாடிப் பகுதிக்குப் போய் 1788ஆம் ஆண்டுக் குவளையையும் மிஃப்ளின் கோப்பையையும் பாருங்கள். மேரிலாந்துப் பக்கம் போனால் நியூ ப்ரெமன் இருந்த இடத்தைத் தேடி அலைய வேண்டாம். அகழாய்வுக் குழிகளை வேலை முடிந்ததும் மூடிவிட்டார்கள். மாளிகை தனியார் வீடு.